மருந்துவாழ் மலை உச்சிக்கு: காற்றைப் பார்த்து நாள் குறிப்பது முதல் பத்திரமாக இறங்குவது வரை

நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே, பொற்றையடியில் எழுந்து நிற்கிறது மருந்துவாழ் மலை. ஊர்ப்பேரிலேயே விஷயம் இருக்கிறது. குமரி மாவட்டத்தில் பொற்றை என்றால் பாறைக்குன்று, அதன் அடிவாரம் பொற்றையடி. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடி என்று இதைச் சொல்வார்கள். அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போனபோது விழுந்த துண்டு இது என்பது ஊர்வழக்கு.

இந்த மலைக்கு வருகிறவர்களில் பலர் சூரிய உதயத்தைக் கணக்கிட்டுத்தான் கிளம்புகிறார்கள். உதயம் தினமும் உண்டு, அதன் நேரத்தை ஒரு வருஷம் முன்னாலேயே சொல்லிவிடலாம். பயணம் நல்லபடி முடிவதும், பாதியில் திரும்புவதும், கால் பிசகுவதும் பெரும்பாலும் காற்றின் கையில் இருக்கிறது. சுற்றிலும் வயலும் தென்னந்தோப்பும் உப்பளமுமாகத் தட்டையான நிலம். நடுவே தனியாக ஒரு மலை. கடலிலிருந்து வரும் காற்றுக்கு வேறு தடுப்பே கிடையாது. அதனால் முதலில் காற்றைப் பாருங்கள், பிறகு நாள் குறியுங்கள், நேரத்தைக் கடைசியாக முடிவு செய்யுங்கள். இந்த வழிகாட்டியும் அதே வரிசையில்தான் போகிறது.

முதல் படி: மாதத்தைத் தேர்ந்தெடுப்பது

குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. கடற்கரைக்காரர்கள் மேற்கிலிருந்து அடிப்பதைக் கச்சான் என்பார்கள், கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்பார்கள். மலைக்குப் போகிறவருக்கு இந்த இரண்டு சொற்களும் அவசியம் தெரிந்திருக்க வேண்டும். எந்தப் பக்கம் ஒதுங்குவது, எந்தப் பக்கம் விளிம்பை விட்டு விலகுவது என்பதை இவைதான் முடிவு செய்கின்றன.

ஜூலையும் ஆகஸ்டும் கச்சான் உச்சத்தில் இருக்கும் காலம். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழியின் அர்த்தம் இந்த மலைமுகட்டில் நின்றால் உடம்புக்கே புரியும். முதல்முறை வருகிறவர்களும் குழந்தைகளோடு வருகிறவர்களும் இந்த இரண்டு மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. அக்டோபர், நவம்பரில் காற்றைவிட மழையும் இடியும்தான் சிக்கல். ஏப்ரல், மே மாதங்களில் காலை ஒன்பது மணிக்கே பாறை சுடும், பிற்பகலில் கோடை இடிமழை திரளும்.

எங்கள் முதல் தேர்வு ஜனவரி, பிப்ரவரி. காற்று மிதமாக இருக்கும், பாறை காய்ந்திருக்கும், வானம் தெளிவாக இருக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை சூரியன் தெற்கே ஒதுங்கி நகர்வதால், உதயமும் அஸ்தமனமும் இரண்டுமே கடலின் மேல் தெரியும். ஜூன் மாதத்தில் இரண்டும் வடக்கே சாய்ந்து நிலத்தின் பக்கம் போய்விடும். காற்றை அனுபவிக்கத்தான் வருகிறீர்கள் என்றால் செப்டம்பர் மாதக் காலைப்பொழுது பொருத்தம். கச்சான் இருக்கும், ஆனால் ஆடியின் மூர்க்கம் இருக்காது.

முன்தினம் நல்ல மழை பெய்து மறுநாள் வெளுத்திருந்தால், தூசியெல்லாம் அடங்கி, தொலைவு கண்ணாடிபோலத் தெரியும். அந்தக் காலை கிடைத்தால் விடாதீர்கள், ஆனால் பாறை உலர எட்டு மணி வரைக்கும் பொறுத்திருந்து ஏறுங்கள்.

இரண்டாம் படி: முன்தினம் காற்றைப் படிப்பது

முதலில் பார்க்க வேண்டியது வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கை. மலைக்கும் மீனவருக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்க வேண்டாம். “குமரிக்கடல் பகுதிகளில் சூறாவளிக் காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும்” என்ற மாதிரி அறிவிப்பு வந்திருந்தால், அதே காற்று சில நிமிஷத்தில் இந்த மலைமேல் ஏறும். அன்றைக்குப் பயணத்தைத் தள்ளி வைத்துவிடுங்கள்.

எச்சரிக்கை இல்லாத நாளில் விண்டி போன்ற செயலியில் இடத்தைக் குறித்துப் பாருங்கள். இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று சராசரி வேகம், இன்னொன்று கஸ்ட் எனப்படும் திடீர் வீச்சு. சராசரியை மட்டும் பார்த்துக் கிளம்புவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. ஆளைத் தள்ளுவது வீச்சு, அது சராசரியைவிட ஒன்றரை மடங்கு வரை போகும். அதோடு, செயலி சொல்வது தட்டையான நிலத்தில் 10 மீட்டர் உயரத்தில் வீசும் காற்று. மலைமேல் ஏறும் காற்று முகட்டில் நெருக்குண்டு வேகம் கூடும். ஆகவே செயலி 30 என்று காட்டினால் உச்சியில் 40 என்றும், வீச்சில் 50க்கு மேல் என்றும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

செயலி காட்டும் சராசரியை வைத்து இப்படி முடிவு செய்யலாம். மணிக்கு 20 கிலோமீட்டருக்குக் கீழே என்றால் பள்ளிப் பிள்ளைகளோடு போகலாம். 20 முதல் 30 என்றால் பெரியவர்கள் மட்டும், முகட்டில் எச்சரிக்கையோடு. 30 முதல் 40 என்றால் பாதி மலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் அடிவாரத்தைத் தாண்ட வேண்டாம்.

இதற்குக் காரணம் இருக்கிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும். மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று நிற்கும் ஆளின் மேல் கிட்டத்தட்ட 5 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும், தாங்கிக்கொள்ளலாம். 60 ஆனால் அது 12 கிலோவை நெருங்கும். சரிவான பாறையில் ஒரு காலைத் தூக்கி வைக்கும் நொடியில் அந்த 12 கிலோ பக்கவாட்டில் வந்து மோதினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

திருநெல்வேலிப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. முப்பந்தல், ஆரல்வாய்மொழி வழியாக வரும்போது சாலையின் இருபுறமும் காற்றாலைகள். காற்றாலையின் முகம் எப்போதும் காற்று வரும் திசையைப் பார்த்துத் திரும்பி நிற்கும். இறக்கைகள் மேற்கே பார்த்தால் கச்சான் அடிக்கிறது என்று பொருள். சுற்றும் வேகத்தை வைத்துக் காற்றின் பலத்தை அளக்கப் பார்க்காதீர்கள். குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் காற்றாலை தன் சுழற்சியைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும், காற்று பலமானாலும் அது நிதானமாகச் சுற்றுவதுபோலத்தான் தெரியும்.

மூன்றாம் படி: நேரம்

காற்று பெரும்பாலும் விடியலில் தணிந்திருக்கும். பத்து மணிக்கு மேல் நிலம் சூடேற ஏற வலுக்கும், பிற்பகலில் உச்சத்துக்குப் போகும். ஆகவே ஒன்பதரைக்குள் உச்சியிலிருந்து இறங்கத் தொடங்கிவிட வேண்டும்.

உதயம் டிசம்பர் கடைசியில் 6:30 வாக்கில், பிப்ரவரி தொடக்கத்தில் 6:40 வாக்கில், ஜூனில் 6:05 வாக்கில். முதல்முறை வருகிறவர்கள் இருட்டில் ஏறி உச்சியில் உதயம் பார்க்க ஆசைப்பட வேண்டாம். மேலே போகப் போகப் பாதை பாறைகளுக்குள் பிரிந்து குழப்பும். வெளிச்சம் பரவும்போது அடிவாரத்தில் இருங்கள். பாதி மலையிலிருந்தே உதயம் நன்றாகத் தெரியும்.

நடுத்தர உடல்வாகு உள்ளவர் நின்று நின்று ஏற ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். இறங்க முக்கால் முதல் ஒரு மணி நேரம். மேலே அரை மணி முதல் முக்கால் மணி நேரம் இருந்தால் போதும். ஆக, காலை 6 மணிக்குத் தொடங்கினால் ஒன்பது, ஒன்பதரைக்குள் கீழே வந்துவிடலாம். அஸ்தமனம் பார்க்க மாலையில் ஏறினால், சூரியன் மறைந்த இருபது நிமிஷத்துக்குள் இருட்டிவிடும் என்பதை மறக்கக் கூடாது. பாதை பழகியவர் கூட இல்லாமல் அதைச் செய்யாதீர்கள்.

கார்த்திகைத் தீபத்தன்று மலையில் தீபம் ஏற்றுவார்கள், கூட்டம் மிகும். வழிபாட்டுக்கு வருகிறவர்களுக்கு அது உகந்த நாள். அமைதியும் காட்சியும் வேண்டுவோர் வேறு நாள் பார்ப்பதே நல்லது.

நான்காம் படி: போய்ச் சேர்வது

நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் சாலைவழி சுமார் 20 கிலோமீட்டர். சுசீந்திரம், வழுக்கம்பாறை, பொற்றையடி, கொட்டாரம் என்று ஊர்கள் வரும். நாகர்கோவில் மீனாட்சிபுரம் அண்ணா பேருந்து நிலையத்தில் கன்னியாகுமரி பஸ் ஏறினால் பொற்றையடியில் இறங்கலாம். ஏறும்போதே “பொற்றையடி நிக்குமா அண்ணாச்சி?” என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விரைவுப் பேருந்துகள் நிற்காமல் போய்விடும். நிறுத்தத்திலிருந்து அடிவாரம் நடக்கும் தூரம்தான். வெளியூரிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் நாகர்கோவிலில் முந்தின இரவே தங்கிவிட்டால் விடியலில் அவசரம் இருக்காது.

காரிலோ பைக்கிலோ வந்தால் அடிவாரத்தில் நிறுத்தலாம். பைக்கைச் சைடு ஸ்டாண்டில், கியரில் போட்டு நிறுத்துங்கள். நடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டியைப் பக்கவாட்டுக் காற்று எளிதாகத் தள்ளும். ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டிவிட்டுப் போகாதீர்கள், ஒன்று காற்று உருட்டும், இல்லாவிட்டால் குரங்கு எடுக்கும்.

ஐந்தாம் படி: உடுப்பும் பையும்

உடம்போடு ஒட்டிய உடை வேண்டும். வேட்டி, சேலை, பறக்கும் துப்பட்டா எல்லாம் முகட்டில் பாய்மரம்போல விரியும், காலிலும் சிக்கும். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். நீள முடியைப் பின்னிக் கட்டிவிடுங்கள், கண்ணில் அடிக்கும் முடி படியை மறைக்கும். தொப்பிக்குத் தாடையில் கட்டும் கயிறு வேண்டும். மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கயிறு போட்டுக்கொள்ளுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அன்றைக்குக் கண்ணாடியோடு வருவது நல்லது, காற்றில் பறக்கும் சரல்பொடி லென்ஸுக்கு அடியில் போனால் அங்கே கழுவி எடுக்க வழியில்லை.

ஹவாய் செருப்பு கூடாது. உள்ளங்காலில் பிடிப்புள்ள, கயிறு கட்டும் ஷூ வேண்டும். குடை கொண்டு வரவே வேண்டாம். மணிக்கு 40 கிலோமீட்டர் காற்றில் விரித்த குடை ஏழெட்டு கிலோ எடையோடு கையை இழுக்கும். மழைக்குப் பொத்தான் போட்ட மழைக்கோட்டு போதும்.

தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டர், ஏப்ரல், மே என்றால் இரண்டு. காற்று அடிக்கும் மலையில் இது கூடுதல் முக்கியம். வியர்வை வந்த உடனே உலர்ந்துபோவதால் வியர்ப்பதே தெரியாது, தாகமும் தாமதமாகத்தான் தெரியும். தலைவலி வந்தபிறகு குடித்துப் பயனில்லை, இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை நாலு மடக்கு குடியுங்கள். வெயிலும் இதே மாதிரி ஏமாற்றும். சூடு தெரியாது, ஆனால் தோல் கருகும். முழுக்கைச் சட்டை நல்லது.

சாப்பிட இரண்டு மட்டி வாழைப்பழம், கொஞ்சம் வேர்க்கடலை மிட்டாய். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மாவட்டத்துப் பழம் மட்டி, சின்னது, இனிப்பு, ஏற்றத்துக்கு ஏற்றது. பழத்தை மூடியுள்ள டப்பாவில் வையுங்கள், பையில் நசுங்கும். மேலும் ஒரு டார்ச், ஒரு விசில், கட்டுத்துணி, குப்பைக்கு ஒரு ஜிப் பை. காற்று அடிக்கும் உச்சியில் கைநழுவிய ஒரு பிளாஸ்டிக் உறை அடிவாரத்து வயலிலோ குளத்திலோதான் போய் விழும். இந்த மலையைச் சுற்றியிருப்பவர்களின் சோறும் உப்பும் அங்கேதான் விளைகின்றன.

ட்ரோன் வேண்டாம். சிறிய ட்ரோன்கள் பலவற்றின் தாங்குதிறன் மணிக்கு 38 கிலோமீட்டர் காற்று வரைதான். போகும்போது காற்றோடு எளிதாகப் போகும், திரும்பும்போது எதிர்க்காற்றில் மின்கலம் தீர்ந்து விழும். கடற்கரையும் கூடங்குளம் அணுமின் நிலையமும் உள்ள பகுதி என்பதால் பறக்கத் தடையுள்ள எல்லைகளும் உண்டு.

ஆறாம் படி: ஏற்றம்

தொடக்கத்தில் போட்ட பாதையும் படிகளும் இருக்கும். படிகள் ஒரே உயரமில்லை. வேகமாக ஏறி முதல் இருபது நிமிஷத்திலேயே மூச்சு வாங்கி உட்கார்வதுதான் பலருக்கும் நடப்பது. பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். பேச்சு தடைபட்டால் நில்லுங்கள்.

வழியில் கோயிலும் மடங்களும் உண்டு, சித்தர்களை நினைத்து வரும் பக்தர்களும் வருவார்கள். ஸ்ரீ நாராயண குரு தவமிருந்த பிள்ளைத்தடம் குகை இந்த மலையில்தான் இருக்கிறது. வெளியே காற்று இரைந்துகொண்டிருக்க, உள்ளே ஒரு நிசப்தம். ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்துவிட்டு வாருங்கள். ஃபோனை வெளியே எடுக்க வேண்டாம், தியானத்தில் இருப்பவர் இருக்கலாம். உள்ளே கைவைக்கும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள், பாறை இடுக்குகளில் பாம்பு ஒதுங்கும்.

மருந்துவாழ் மலை என்ற பெயரை நம்பிச் செடி பறிக்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து பறிக்காதீர்கள். பேர் தெரியாத இலையை வாயில் போடுவது ஆபத்து, மூலிகையை வேரோடு பிடுங்குவது மலைக்குச் செய்யும் கெடுதல். தீயும் மூட்டக் கூடாது. காய்ந்த புல்லில் விழும் ஒரு பொறியைக் காற்று நிமிஷத்தில் மலை முழுக்கக் கொண்டுபோகும்.

குரங்குகள் பாலித்தீன் பையின் சரசரப்பைத் தெரிந்து வைத்திருக்கின்றன. கையில் பை தொங்கினால் வந்து பறிக்கும். எல்லாமே முதுகுப்பைக்குள், ஜிப் மூடி இருக்கட்டும். தீனி போடாதீர்கள். பறித்துவிட்டால் இழுபறி வேண்டாம், விட்டுவிடுங்கள். கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: முகட்டில்

படிகள் முடிந்து வெறும் பாறையில் ஏறும் கட்டம்தான் கவனமாக இருக்க வேண்டிய இடம். அதுவரை மலையே உங்களைக் காற்றிலிருந்து மறைத்திருக்கும். முகட்டில் தலை நீட்டியதும் முழுக்காற்றும் ஒரே நொடியில் மோதும். அதனால் கடைசிப் பாறைக்குக் கீழேயே ஒரு நிமிஷம் நின்று, மேலே காற்று எப்படி இரைகிறது என்று கேளுங்கள். ஃபோனை உள்ளே வையுங்கள், தொப்பிக் கயிற்றை இறுக்குங்கள், பிள்ளைகளின் கையை அல்ல, மணிக்கட்டைப் பிடியுங்கள்.

நடக்கும்போது கால்களை அகட்டி, முழங்காலை லேசாக மடக்கி, காற்று தணியும் இடைவெளியில் மட்டும் அடி எடுத்து வையுங்கள். இரண்டு கை, இரண்டு கால் ஆகிய நான்கில் மூன்று எப்போதும் பாறையில் இருக்கட்டும். இங்கே பலர் அறியாத ஆபத்து ஒன்று: காற்று தள்ளுகிறதே என்று அதன்மேல் சாய்ந்து நிற்பார்கள், வீச்சு சட்டென்று நிற்கும், சாய்ந்தவர் காற்று வந்த பக்கமே குப்புற விழுவார். எனவே காற்றின்மேல் சாயாதீர்கள், குனிந்து உடம்பைத் தாழ்த்துங்கள். காற்று வரும் பக்கத்து விளிம்பும் சரி, காற்று தள்ளும் பக்கத்து விளிம்பும் சரி, ஆள் உயரத்துக்குக் குறையாத தூரம் விலகியே நில்லுங்கள். செல்ஃபிக்காகப் பின்னால் நகர வேண்டாம்.

ஒதுங்க வேண்டுமானால் கச்சான் காலத்தில் கிழக்குச் சரிவு, கொண்டல் காலத்தில் மேற்குச் சரிவு. முகட்டுக்குச் சற்றுக் கீழே காற்று சுழன்று அடிக்கும், இன்னும் பத்துப் பதினைந்து அடி இறங்கிப் பெரிய பாறை ஒன்றை முதுகுக்கு வைத்து உட்காருங்கள்.

பிறகு கண்ணை விரியுங்கள். தெற்கே கன்னியாகுமரி. 1970இல் எழுப்பிய விவேகானந்தர் பாறை மண்டபமும், 2000 ஜனவரி 1 அன்று திறந்த 133 அடி வள்ளுவர் சிலையும், கடலில் இரண்டு புள்ளிகளாக. மேற்கே சாமிதோப்பு, உப்பளங்களின் வெள்ளைக் கட்டங்கள், பழையாறு கடலில் சேரும் மணக்குடிப் பொழி. வடக்கே நாஞ்சில் நாட்டு வயல்கள், உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் உள்ள தேரூர், சுசீந்திரம் குளங்கள், சுசீந்திரம் கோபுரம், அப்பால் நாகர்கோவில். அதற்கும் பின்னே மகேந்திரகிரி, ஆரல்வாய்மொழிக் கணவாய், வரிசை வரிசையாகக் காற்றாலைகள். இத்தனை நேரம் உங்களைத் தள்ளிக்கொண்டிருந்த காற்றை அங்கே மின்சாரமாக்குகிறார்கள் என்பது இந்த உயரத்திலிருந்து பார்க்கும்போதுதான் முழுதாக விளங்கும். கிழக்கே வட்டக்கோட்டைக் கரையும், தெளிவான நாளில் கூடங்குளமும்.

படம் எடுக்கிறவர்கள் முக்காலியைத் தாழ்த்தி வைத்து, நடுக்கம்பியில் பையைத் தொங்கவிடுங்கள். பை தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊசலாடி முக்காலியையே ஆட்டும்.

இடி கேட்டால் கணக்கு எளிது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே உள்ள நொடிகளை மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர். 30 நொடிக்குள் என்றால் உடனே இறங்குங்கள். தனிமரத்தடியிலோ குகைவாயிலிலோ ஒதுங்காதீர்கள்.

எட்டாம் படி: இறக்கம்

இறங்கும்போதுதான் அதிகம் விழுவார்கள். கால் தளர்ந்திருக்கும், மனம் வீட்டுக்குப் போயிருக்கும், பாறைமேல் கிடக்கும் சரல் உருளும். பக்கவாட்டாகத் திரும்பி, பாதம் முழுதும் பதித்து இறங்குங்கள். செங்குத்தான பாறையில் உட்கார்ந்து நகர்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கணுக்கால் பிசகினால் ஷூவைக் கழற்றாமல் மேலாகக் கட்டுத்துணி சுற்றி மெல்ல இறங்குங்கள், கழற்றினால் வீங்கி மறுபடி போட முடியாது. எலும்பு முறிவோ பாம்புக்கடியோ என்றால் நடக்கவிடாமல் 108ஐ அழையுங்கள். பாம்புக்கடியில் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது.

ஏற முடியாத முதியவர்கள் கூட வந்திருந்தால் அவர்களை வட்டக்கோட்டைக்கு அழைத்துப்போங்கள். கடலுக்குள் நீட்டி நிற்கும் கோட்டைமேடையில் மலையேற்றமே இல்லாமல் இதே காற்றும் இதே மகேந்திரகிரியும் கிடைக்கும். நடக்க முடியும், ஆனால் பாறை ஏற முடியாது என்பவர்களுக்கு மார்த்தாண்டம் அருகே சிதறால் மலைக்கோயில் பொருத்தம். பாவிய பாதை, உச்சியில் சமணச் சிற்பங்கள்.

கோடைக்காலம் என்றால் கீழே இறங்கியதும் சாலையோரத்தில் அக்கானி என்கிற பதநீரும் நுங்கும் கிடைக்கும். வெயில் ஏறும் முன்பே குடித்துவிடுங்கள், நேரமானால் அக்கானி புளித்துப்போகும்.